தன்மேல் தனக்கு உரிமை: குர்ட் ஹில்லர் என்ற வழக்கு

ஹிட்லருக்குத் தப்பி வெளியேறிய ஜெர்மன் எழுத்தாளர்கள் என்றால் தமிழில் வாசிப்பவர்களுக்கு பிரெக்ட் நினைவுக்கு வருவார், தாமஸ் மான் வருவார். குர்ட் ஹில்லர் வரமாட்டார். ஜெர்மனியிலேயே அவரை இரண்டு தனித்தனிக் கூட்டங்கள்தான் படிக்கின்றன. உள்மன உணர்ச்சியை உரத்த குரலில் சொன்ன எக்ஸ்பிரஷனிச இலக்கியத்தையும் போர் எதிர்ப்பு இயக்கத்தையும் ஆராய்கிறவர்கள் ஒரு பக்கம், தன்பாலீர்ப்பாளர் உரிமை வரலாற்றை ஆராய்கிறவர்கள் இன்னொரு பக்கம். முதல் கூட்டத்தாருக்கு அவருடைய காதல் அந்தரங்க விஷயம். இரண்டாம் கூட்டத்தாருக்கு அவருடைய போர் எதிர்ப்பு ஓர் அடிக்குறிப்பு.

இப்படிப் பிரித்துப் படித்தால் ஆள் கிடைக்கமாட்டார் என்பது என் எண்ணம். 22, 23 வயதில் எழுதிய ஒரு சட்ட நூலில் அவர் ஒரு கொள்கையைப் பிடித்தார். ஒருவன் உடம்பின் மேலும் உயிரின் மேலும் அரசுக்கு உடைமை உரிமை கிடையாது என்பதே அது. பிற்பாடு படுக்கையறைக்குள் நுழைகிற சட்டத்தையும் ஆளைப் போர்முனைக்கு இழுக்கிற சட்டத்தையும் அவர் எதிர்த்தது இந்த ஒரே இடத்தில் நின்றுதான். அதற்காக அடி வாங்கினார், நாட்டை விட்டு ஓடினார், 21 ஆண்டுகள் வெளியில் இருந்தார். திரும்பி வந்தபோது அந்தக் கொள்கையின் ஒரு பாதி நாட்டின் அரசியல் சட்டத்தில் ஏறியிருந்தது. மறுபாதிக்கு நாஜிகள் எழுதிய சட்டமே நடப்பில் இருந்தது.

சட்ட மாணவர்

ஹில்லர் 1885 ஆகஸ்ட் 17 அன்று பெர்லினில் பிறந்தார். யூதக் குடும்பம், அப்பா கழுத்து டை தயாரிக்கும் தொழில் செய்தவர். சட்டமும் தத்துவமும் படித்தார், சமூகவியலாளர் கேயார்க் ஸிம்மலின் வகுப்புகளில் உட்கார்ந்தார். டாக்டர் பட்டம் 1907இல் ஹைடல்பெர்கில் கிடைத்தது. அங்கே அவருக்குக் கை கொடுத்தவர் குஸ்டாவ் ராட்புருக், பிற்காலத்தில் வைமர் குடியரசின், அதாவது முதல் உலகப் போருக்குப் பிந்தைய ஜெர்மன் ஜனநாயகத்தின், நீதி அமைச்சர் ஆனவர். அந்த ஆய்வை ஒட்டி 1908இல் வெளிவந்த நூலுக்கு ‘தன்மேல் தனக்குள்ள உரிமை’ என்று பெயர். தற்கொலை முயற்சி, கருக்கலைப்பு, ஆணும் ஆணும் கொள்ளும் உறவு எல்லாவற்றையும் ஒரே மேசையில் போட்டு அது ஒரே கேள்வி கேட்டது: இதில் யாருடைய நலன் கெடுகிறது? யாருக்கும் கேடில்லை என்றால் தண்டிக்க அரசு யார்?

இந்தக் கேள்வி அப்போது எவ்வளவு தனியாக நின்றது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1871இல் ஜெர்மனி ஒரே பேரரசானபோது ஆண்களுக்கிடையிலான உறவுக்கு பிரஷ்யாவில் இருந்த பழைய தடை நாடு முழுவதுக்குமான தண்டனைச் சட்டத்தில் 175ஆம் பிரிவாக ஏறியது. பவேரியா போன்ற பகுதிகளில் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட தடை எடுக்கப்பட்டிருந்தது. ஒன்றுபட்டதால் அவர்கள் பின்னோக்கிப் போனார்கள். 1897 மே 15 அன்று மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் தன் சார்லட்டன்பர்க் வீட்டில் அறிவியல் மனிதநேயக் குழுவைத் தொடங்கி, 175ஐ நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார். அவருடைய வாதம் மருத்துவரின் வாதம்: இவர்கள் பிறப்பிலேயே இப்படி, ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்ட இயற்கை, அதனால் தண்டிப்பது அநியாயம்.

ஹில்லர் இந்தக் குழுவில் சேர்ந்து உழைத்தாலும் இந்த வாதத்தை அவர் மனம் ஏற்கவேயில்லை. பிறவியோ பழக்கமோ, அதைப் பற்றி அரசுக்கு என்ன? வயது வந்த இரண்டு பேர் சம்மதித்துச் செய்தால் அத்தோடு முடிந்தது. இரண்டில் ஹில்லரின் வாதமே உறுதியானது என்பேன். இயற்கை இப்படிப் படைத்துவிட்டது என்று கெஞ்சுகிற வாதத்தை எதிராளி எளிதாகத் திருப்பிப் போடுவான்: சரி, இயற்கையில் கோளாறு, அப்படியானால் சரி செய்வோம். ஜெர்மனியில் அடுத்த 30 ஆண்டுகளில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

இலக்கியப் பக்கம் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1909இல் பெர்லினில் நண்பர்களோடு ‘புதிய சங்கம்’ ஒன்றை ஆரம்பித்தார், கவிதைக் கச்சேரி மாதிரி மாலைக் கூட்டங்கள் நடத்தினார். 1911இல் இளம் கவிஞர்களுக்கு எக்ஸ்பிரஷனிஸ்டுகள் என்ற பெயரை ஒட்டியவர்களில் முந்தியவர் அவர். 1912இல் அந்தக் கவிதைகளின் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தார். கவிஞராக அவர் பெரிய ஆள் அல்ல. ஆட்களைக் கூட்டுவதிலும், பிறகு அவர்களோடு சண்டை போட்டுப் பிரிவதிலும்தான் அவருக்கு நிகர் கிடையாது.

போரும் ஒரு வாக்கியமும்

முதல் உலகப் போரில் ஜெர்மன் தரப்பில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் சிப்பாய்கள் செத்தார்கள். ஆள் சேர்க்கும் சட்டம் எத்தனை பேரை எடுத்து விழுங்க முடியும் என்பதை ஹில்லரின் தலைமுறை நேரில் பார்த்தது. 1916 முதல் அவர் கொண்டுவந்த ‘இலக்கு’ ஆண்டிதழில் எழுத்தாளனின் வேலை உலகத்தை மாற்றுவது என்ற பேச்சு ஓங்கி ஒலித்தது. பிற்காலத்தில் தத்துவ எழுத்தாளராகப் புகழ்பெற்ற, அப்போது 24 வயது கூட நிரம்பாத வால்டர் பெஞ்சமினின் மாணவர் வாழ்க்கை பற்றிய கட்டுரையும் முதல் இதழில் உண்டு.

பிறகு அதே பெஞ்சமின்தான் ஹில்லரின் மேல் மிகக் கூர்மையான அம்பை விட்டார். 1919இல் ‘காயினுக்கு எதிராக’ (பைபிளில் தம்பியைக் கொன்றவன் காயின்) என்ற கட்டுரையில் ஹில்லர் எழுதியதன் சாரம் இது: ஒரு வாழ்வின் மகிழ்ச்சியையும் நீதியையும்விட மேலானது அந்த வாழ்வு இருப்பது. உயிரோடு இருத்தல், அவ்வளவுதான். எந்தப் பெரிய லட்சியமும் ஓர் உயிரைப் பறிக்கும் உரிமையைத் தராது. வன்முறை பற்றி 1921இல் எழுதிய கட்டுரையில் பெஞ்சமின் இந்த வாக்கியத்தை எடுத்துப் போட்டு, இது தவறு, இழிவானதும்கூட என்றார். நீதியான வாழ்வைவிட வெறும் உயிர் மேலானது என்றால் அடிமையாகக் கிடப்பதும் மேலானதா என்பதே அவர் மறுப்பின் உட்பொருள்.

தத்துவ வகுப்பில் பெஞ்சமினுக்கே மதிப்பெண் கிடைக்கும். ஆனால் 1919இல் அந்த வாக்கியத்தைப் படித்தவன் யார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். தாய்நாடு, கௌரவம், வரலாற்றுக் கடமை என்று எல்லா மேலான பொருள்களையும் நான்கு வருடம் கேட்டுவிட்டு, வீட்டில் ஒரு பையனைப் பிணமாகக்கூடத் திரும்பப் பெறாதவன் அவன். ஹில்லர் அவனோடு பேசினார். தன் உயிரை என்ன செய்வது என்று தானே முடிவெடுக்கலாம், வேறு யாரும் எடுக்கக் கூடாது என்ற 1908ஆம் ஆண்டு நிலைப்பாடு போருக்குப் பின் இப்படித்தான் முதிர்ந்திருந்தது.

இரண்டு இழைகளும் வெளிப்படையாக ஒரே தாளில் வந்த தருணம் 1918 நவம்பர். பேரரசர் கைசர் ஓடிவிட்டார், தொழிலாளர்களும் சிப்பாய்களும் கவுன்சில்கள் அமைத்தார்கள். ஹில்லரும் நண்பர்களும் ‘அறிவுழைப்பாளர் கவுன்சில்’ ஒன்றை அமைத்தார்கள். அதன் அறிக்கையில் எல்லா நாடுகளிலும் கட்டாய ராணுவ சேவை ஒழிப்பு, மரண தண்டனை ஒழிப்பு ஆகியவற்றோடு, பிறர் விருப்பத்தை மீறாமலும் அனுபவமற்ற இளம் வயதினரைப் பாதுகாத்தும் பாலுறவுச் சுதந்திரம் வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. படைமுகாமையும் படுக்கையறையையும் ஒரே அறிக்கையில் சேர்த்து அரசை வெளியே நிற்கச் சொன்ன அரசியல் கூட்டங்கள் அப்போது அபூர்வம்.

அதே அறிக்கையில்தான் ஹில்லரின் பெரிய கோளாறும் இருக்கிறது. அறிவாளிகளின் கவுன்சில் தேர்தலாலும் வராது, நியமனத்தாலும் வராது, தன் சொந்த உரிமையால் தானே உருவாகும் என்றது அது. யார் அந்த அறிவாளிகள்? தாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். உன் உடம்பு உன்னுடையது என்று ஒவ்வொருவனுக்கும் சொன்ன மனிதர், உன் வாக்கை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இந்த முரண்பாட்டை அவர் கடைசிவரை தீர்க்கவில்லை. 1926இல் ‘வெல்ட்பூனெ’ என்ற இடதுசாரி வார இதழில் முசோலினியின் துடிப்பை வியந்து ஒரு கட்டுரையே எழுதினார். அதில் கொஞ்சம் கிண்டல், ஜெர்மன் தலைவர்களின் சோகைத்தனத்தின் மேல் கொஞ்சம் எரிச்சல், எல்லாம் உண்டு. இருந்தாலும் அதைப் படிக்கும்போது முகம் சுளிக்காமல் இருக்க முடியாது. 1919க்குள் கவுன்சில் கரைந்து போனது, யாரும் அதற்காக அழவில்லை.

1926இல்தான் அவர் புரட்சிகரச் சமாதானவாதிகள் குழுவையும் தொடங்கினார். அங்கத எழுத்தாளர் குர்ட் டுகோல்ஸ்கி, நாடக ஆசிரியர் எர்ன்ஸ்ட் டோலர், பெண்ணுரிமையாளர் ஹெலெனெ ஷ்டோக்கர் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். ஜெர்மன் சமாதான இயக்கத்தின் மூத்தவர்கள் நாடுகளின் சங்கத்தையும் ஒப்பந்தங்களையும் நம்பினார்கள். ஹில்லர் கூட்டம் சிப்பாய் வேலையை மறுப்பதே வழி என்றது. ஆனால் சாத்வீகம் அவர்கள் கொள்கை அல்ல. போரைத் தூண்டுகிற ஆட்சியைக் கவிழ்க்கக் கலகம் வேண்டும் என்றால் அதையும் ஏற்றார்கள். தற்காத்துக்கொள்வது வேறு, பிடித்துக்கொண்டு போய்க் கொல்லச் சொல்வது வேறு என்பது அவர்கள் கணக்கு.

15க்கு 13

175க்கு எதிரான வேலை இதோடு சேர்ந்தே நடந்தது. 1922இல் அந்தப் பிரிவை நூற்றாண்டின் அவமானம் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு புத்தகம் போட்டார். அதே ஆண்டு நீதி அமைச்சராக இருந்த ராட்புருக் தயாரித்த தண்டனைச் சட்ட வரைவு வயது வந்தவர்களின் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வரைவு மேசையைத் தாண்டவில்லை. 1925இல் வந்த அரசு வரைவு மறுபடி பழைய பாதைக்கே போனபோது, பல சீர்திருத்த அமைப்புகள் கூடி 1927இல் ஒரு மாற்று வரைவை அச்சிட்டன. அதை எழுதியவர்களில் ஹில்லர் முக்கியமானவர்.

1928இல் கோபன்ஹேகனில் கூடிய பாலியல் சீர்திருத்த மாநாட்டுக்காக அவர் எழுதிய முறையீடுதான் இந்த வழக்கில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் ஆவணம். போருக்குப் பின் ஐரோப்பாவில் எங்கு பார்த்தாலும் சிறுபான்மை இனங்களின் பாதுகாப்பு பற்றியே பேச்சு. ஹில்லர் அந்தச் சொல்லாடலையே எடுத்துக்கொண்டார். எல்லா நாட்டிலும் எல்லா வர்க்கத்திலும் பரவிக் கிடக்கிற ஒரு சிறுபான்மை இருக்கிறது, அதற்கென்று பேச ஓர் அரசும் இல்லை, ஒரு தூதரும் இல்லை என்றார். நோயாளிக்கான இரக்கத்தை அவர் கேட்கவில்லை, ஒரு மக்கள் பிரிவுக்கான உரிமையைக் கேட்டார். இன்று இது சாதாரண அரசியல் மொழி. அன்று அப்படிப் பேசியவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அதில் அவர் பேர் சொல்லித் தாக்கிய ஆள் ஹென்றி பார்புஸ். போர்முனைப் பதுங்குகுழிகளை நாவலாக்கி ஐரோப்பிய சமாதானவாதிகளின் நாயகனாகியிருந்த பிரெஞ்சு எழுத்தாளர் அவர். தன்பாலீர்ப்பு சீரழிந்த சமுதாயத்தின் அடையாளம் என்ற தொனியில் 1926இல் எழுதியிருந்தார். ஹில்லருக்கு இது வெளியாள் அடித்த அடி இல்லை. போருக்கு உடம்பைக் கொடுக்காதே என்று கூடவே கத்தியவன், காதலுக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்கிறான். இடதுசாரி நண்பர்களிடம் இந்த ஓட்டையை அவர் மறுபடி மறுபடி பார்த்தார். நாட்டை விட்டு வெளியேறிய பிறகு அது இன்னும் பெரிதானது.

1929 அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றத்தின் தண்டனைச் சட்டக் குழு 15க்கு 13 என்ற வாக்கில் 175இன் மையப் பகுதியை நீக்க முடிவு செய்தது. கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் கூடவே 21 வயதுக்குக் கீழானவர்கள், பணத்துக்கான உறவு ஆகியவற்றுக்குப் புதிய கடும் தண்டனைப் பிரிவு ஒன்று வந்தது. தெருவில் நின்று பிழைக்கிற ஏழைப் பையன்கள் உள்ளே போவார்கள், வசதியான கனவான்கள் வெளியே இருப்பார்கள் என்று ஹில்லர் தரப்பு கோபப்பட்டது. ஏற்கெனவே இருந்த பிணக்குகளோடு இதுவும் சேர, ஹிர்ஷ்ஃபெல்ட் தலைமையை விட்டு விலகினார், ஹில்லர் துணைத் தலைவரானார். குழு முடிவு நாடாளுமன்றத்தின் முழு அமர்வுக்கு வந்து சட்டமாகவே இல்லை. பொருளாதாரம் சரிந்தது, நாஜிகள் ஏறினார்கள். வெற்றியின் அளவு பற்றி வீட்டுக்குள் நடந்த சண்டை முடிவதற்குள் வீடே போய்விட்டது.

1933, 1934

யூதர், இடதுசாரி, போர் எதிர்ப்பாளர், தன்பாலீர்ப்பாளர். நாஜிகளுக்கு இதில் ஒன்றே போதும். 1933 வசந்தத்திலிருந்து அவர் மூன்று முறை கைதானார். மே 6 அன்று ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் அறிவியல் நிறுவனத்தை மாணவர் படையும் அடியாட்களும் சூறையாடினார்கள். 10ஆம் தேதி இரவு பெர்லினின் ஓப்பரா சதுக்கத்தில் நாஜிகள் எரித்த புத்தகக் குவியலில் அதன் நூலகமும் இருந்தது. ஜூனில் அறிவியல் மனிதநேயக் குழுவை மிச்சமிருந்தவர்களே கலைத்தார்கள். ஹில்லர் பெர்லினின் கொலம்பியா ஹவுஸ், பிராண்டன்பர்க், ஒரானியன்பர்க் என்று மூன்று வதைமுகாம்களில் அடைக்கப்பட்டார். அவருக்கு அப்போது 48 வயது. விழுந்த அடி சாதாரண அடி அல்ல.

1934 ஏப்ரலில் வெளியே விட்டார்கள். அதே ஜூலையில் கவிஞர் எரிக் முஹ்ஸாமை ஒரானியன்பர்கில் கொன்றார்கள். அதற்கு சில நாள் முன்பு, ஜூன் 30இல், ஹிட்லர் தன் சொந்தப் படைத்தலைவன் எர்ன்ஸ்ட் ரோமைப் பிடித்து மறுநாள் தீர்த்துக்கட்டினார். ரோம் தன்பாலீர்ப்பாளர் என்பது ஊரறிந்த விஷயம். அது கொலைக்கு வசதியான சாக்காகவும் ஆனது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹில்லர் எல்லையைக் கடந்து பிராக் போய்ச் சேர்ந்தார். பழைய வார இதழின் அகதி வடிவமான ‘புதிய வெல்ட்பூனெ’ அங்கிருந்து வந்துகொண்டிருந்தது. முகாம் அனுபவங்களை அதில் தொடராக எழுதினார். முகாம்களுக்குள் நடப்பதை வெளியுலகம் நம்ப மறுத்த நாட்களில் வந்த நேரடிச் சாட்சியங்களில் அது ஒன்று.

பிராக், லண்டன்

அகதி வாழ்க்கை என்றதும் தப்பித்த நிம்மதியைத்தான் முதலில் நினைப்போம். ஹில்லர் வழக்கில் சட்டப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். செக்கோஸ்லோவாக்கியா அந்தக் காலத்து மத்திய ஐரோப்பாவில் ஜெர்மன் அகதிகளுக்குக் கதவு திறந்த ஒரே உண்மையான ஜனநாயகம். ஆனால் செக் பகுதியில் பழைய ஆஸ்திரியத் தண்டனைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு அப்படியே நடப்பில் இருந்தது. அது பெண்களையும் சேர்த்தே தண்டித்தது. 1938 செப்டம்பர் முடிவில் செக் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்த மியூனிக் உடன்படிக்கை வந்தது, டிசம்பரில் ஹில்லர் லண்டனுக்குப் போனார், அடுத்த மார்ச்சில் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. தப்பித்தார், சரி. லண்டனில் இருந்த சட்டம்? ஆண்களுக்கிடையே எந்த நெருக்கமும் குற்றம் என்று ஆக்கிய ஆங்கிலச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது 1885 ஆகஸ்ட் 14இல், ஹில்லர் பிறப்பதற்கு மூன்று நாள் முன்பு. ஆஸ்கர் வைல்டை உள்ளே தள்ளிய சட்டம் அது. 1967 வரை இருந்தது.

யூதர் என்பதால், சோஷலிஸ்ட் என்பதால் அவரைத் துரத்தியவர்களிடமிருந்து பிராகும் லண்டனும் காத்தன. தன்பாலீர்ப்பாளர் என்பதால் துரத்தப்பட்டவருக்குப் புகலிடம் என்று ஒன்று எங்குமே இல்லை. அகதி எழுத்தாளர் வரலாறுகள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. சந்தேகப் பார்வையோடு, தற்காலிக அனுமதியோடு இருக்கிற வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு போலீஸ் புகார் போதும். அந்த நிலையில் 1922இல் எழுதியது மாதிரி ஒரு புத்தகத்தை லண்டனில் எழுத முடியாது. அகதியாக இருந்த ஆண்டுகளில் அவர் அரசியல் எழுத்து உரக்கவும் மற்றது தாழ்வாகவும் ஒலிப்பதற்கு மனமாற்றம் காரணம் இல்லை என்றே நினைக்கிறேன்.

சக அகதிகள் நிலை இன்னும் மோசம். 1934 மார்ச்சில் சோவியத் ஒன்றியம் ஆண்களுக்கிடையிலான உறவை மறுபடி குற்றமாக்கியது. மே மாதம் கார்க்கி, இந்தப் பழக்கத்தை ஒழித்தால் பாசிசம் மறையும் என்ற கருத்தை எழுதினார். ரோம் விவகாரத்துக்குப் பின் இடதுசாரி அகதிப் பத்திரிகைகளில் நாஜி என்றால் தன்பாலீர்ப்பாளன் என்ற கேலி சர்வ சாதாரணமானது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினில் நடந்த நாடாளுமன்றத் தீவைப்பை அம்பலப்படுத்த 1933இல் வெளியான பழுப்புப் புத்தகமே தீவைத்தவரின் பாலுறவைப் பற்றி வதந்தி பரப்பியது. இதை எதிர்த்து 1934 டிசம்பரில் வெளிப்படையாக எழுதியவர் தாமஸ் மானின் மகன் கிளாவுஸ் மான். யூதர்களை நாஜிகள் பயன்படுத்துவது போல நம் ஆட்கள் இவர்களைப் பலியாடு ஆக்குகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அவரும் தன்பாலீர்ப்பாளர், அவரும் அகதி. ஆனால் போர் வந்தபோது அமெரிக்க ராணுவச் சீருடை அணிந்தார்.

ஹில்லரின் போர் எதிர்ப்பு அப்போது என்ன ஆனது என்று கேட்பது நியாயம். அவர் 1926லேயே சாத்வீகத்தை ஏற்கவில்லை என்பதை நினைவில் வைத்தால் பெரிய குழப்பம் இல்லை. ஹிட்லரின் தோல்வியை அவர் விரும்பினார். லண்டனில் ஜெர்மன் சோஷலிஸ்டுகளின் சுதந்திர சங்கத்தை நடத்தினார், கம்யூனிஸ்ட் பிடியில் இருந்த அகதிப் பண்பாட்டு அமைப்புக்கு எதிராக சுயேச்சை எழுத்தாளர் குழு ஒன்றையும் வைத்திருந்தார். இரண்டும் சிறியவை. கம்யூனிஸ்டுகளோடும் சமூக ஜனநாயகவாதிகளோடும் ஒரே நேரத்தில் சண்டை. பிராகிலேயே ‘புதிய வெல்ட்பூனெ’ ஆசிரியர் ஹெர்மான் பட்ஸிஸ்லவ்ஸ்கியோடு முறைத்துக்கொண்டவர். 1945இல் லண்டனில் அவர் தொகுத்து வெளியிட்ட நூல், நாஜிசத்துக்குப் பின் ஜனநாயகம்தானா என்று கேள்விக்குறியோடு தலைப்பிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் வாக்குப்பெட்டி மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அறிவாளிகளின் ஆட்சி என்ற பழைய கனவு தோல் உரித்துக்கொண்டு மறுபடி வந்தது.

கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் 1935 மே மாதம் நீஸ் நகரில். டுகோல்ஸ்கி அதே டிசம்பரில் ஸ்வீடனில். நோபல் அமைதிப் பரிசு பெற்றும் போலீஸ் காவலிலிருந்து மீளாத ‘வெல்ட்பூனெ’ ஆசிரியர் ஒஸியட்ஸ்கி 1938இல் பெர்லின் மருத்துவமனையில். டோலர் 1939இல் நியூயார்க் ஹோட்டல் அறையில் தூக்கில். ‘வெல்ட்பூனெ’ வட்டத்தில் போர் முடிந்த பிறகும் உயிரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சிலரில் ஹில்லர் ஒருவர்.

திரும்பி வந்த நாடு

1955இல், 70 வயதில், ஹாம்பர்குக்குத் திரும்பினார். அந்த நவம்பரில் மேற்கு ஜெர்மனியின் புதிய ராணுவத்தின் முதல் சிப்பாய்கள் நியமன ஆணை பெற்றார்கள், அடுத்த ஜூலையில் கட்டாய சேவைச் சட்டம் வந்தது. சமாதானவாதிக்கு நல்ல வரவேற்பு இல்லை. ஆனால் 1949ஆம் ஆண்டின் அரசியல் சட்டம், 4ஆம் பிரிவில், மனசாட்சிக்கு விரோதமாக யாரையும் ஆயுதமேந்திப் போர் செய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்று எழுதி வைத்திருந்தது. 1920களில் ஹில்லரும் நண்பர்களும் தெருவில் கத்திய விஷயம் நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. விண்ணப்பிக்க வேண்டும், விசாரணைக் குழு முன் மனசாட்சியை நிரூபிக்க வேண்டும், அதெல்லாம் வேறு தொல்லை. உரிமை என்று எழுத்தில் வந்துவிட்டது.

175 என்ன ஆனது? 1935இல் நாஜிகள் அதைத் திருத்தினார்கள். முன்பு உடலுறவை ஒத்த செயல் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. திருத்தத்துக்குப் பின் ஒரு தொடுதலே போதும், கடும் பிரிவில் 10 ஆண்டுவரை கடுங்காவல். கிழக்கு ஜெர்மனி 1950இல் நாஜித் திருத்தத்தை விட்டு பழைய வாசகத்துக்குத் திரும்பியது. மேற்கு ஜெர்மனி நாஜி வாசகத்தையே எழுத்து மாறாமல் வைத்துக்கொண்டது. 1969 வரை அதன் கீழ் ஏறக்குறைய 50,000 பேர் தண்டிக்கப்பட்டார்கள்.

அதை எதிர்த்து அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போனவர்கள் ஹாம்பர்கில் தண்டிக்கப்பட்ட இருவர். தன் ஆளுமையைத் தன் விருப்பப்படி வளர்த்துக்கொள்ளும் உரிமையை 2ஆம் பிரிவு தருகிறது. ஹில்லரின் 1908ஆம் ஆண்டு நூலுக்கு இதைவிடப் பக்கத்தில் எந்த அரசியல் சட்டமும் வந்ததில்லை. ஆனால் அதே பிரிவு ஒழுக்க நெறிக்கு உட்பட்டு என்றும் சொல்கிறது. நீதிமன்றம் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டது. ஆண்களுக்கிடையிலான உறவு ஒழுக்க நெறிக்கு விரோதம், எனவே நாஜித் திருத்தம் செல்லும். தீர்ப்பு நாள் 1957 மே 10, புத்தகங்கள் எரிந்து சரியாக 24 ஆண்டுகள். தேதி தற்செயலாக அமைந்திருக்கும். தீர்ப்பு அப்படி அல்ல. கொல்ல மாட்டேன் என்று சொல்கிற மனசாட்சியை அந்த அரசியல் சட்டம் புரிந்துகொண்டது. நேசிப்பேன் என்று சொல்கிற உடம்பை அதனால் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஹாம்பர்கில் ஹில்லர் ஓயவில்லை. 1956இல் நவ சோஷலிஸ்ட் சங்கம் என்று ஒரு சிறு குழுவை ஆரம்பித்தார். சூரிச்சிலிருந்து சந்தாதாரர்களுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த ‘வட்டம்’ என்ற தன்பாலீர்ப்பாளர் இதழில் கீத் லுர் என்ற புனைபெயரில் எழுதினார். அவருடைய சொந்தப் பெயரின் ஜெர்மன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு அடுக்கிய பெயர் அது. 1922இல் சொந்தப் பெயரில் புத்தகம் போட்டவர் 1950களில் பெயரைக் கலைக்க வேண்டியிருந்தது. 1962இல் அறிவியல் மனிதநேயக் குழுவை மறுபடி உயிர்ப்பிக்கப் பார்த்தார். ஆள் சேரவில்லை. பயந்த தலைமுறை அது. பெயர்ப் பட்டியல் என்றாலே போலீஸ் ஞாபகம் வருகிறவர்கள். அதோடு ஹில்லரோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்வது எப்போதுமே எளிதாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1969 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய ஆண்களின் உறவு மேற்கு ஜெர்மனியில் குற்றம் இல்லை. ஹில்லருக்கு 84 வயது முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதே ஆண்டு அவருடைய தன்வரலாற்றின் முதல் பாகத்தை ரோவோல்ட் பதிப்பகம் வெளியிட்டது. ‘காலத்துக்கு எதிரான வாழ்க்கை’ என்பது மொத்தத் தலைப்பு, முதல் பாகத்துக்கு ‘லோகோஸ்’ (கிரேக்கத்தில் அறிவு, சொல்) என்று பெயர். அரசியல், இலக்கியம், சண்டைகள் எல்லாம் அதில் உண்டு. காதல்களை அவர் தனியாக எடுத்து வைத்திருந்தார். 1972 அக்டோபர் 1 அன்று ஹாம்பர்கில் இறந்தார். ‘ஈரோஸ்’ (கிரேக்கத்தில் காதல்) என்ற இரண்டாம் பாகம் 1973இல் வந்தது. சம்மத வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த அடுத்த திருத்தமும் அந்த ஆண்டுதான் வந்தது. 175ஆம் எண்ணை ஜெர்மன் தண்டனைச் சட்டத்திலிருந்து மொத்தமாக எடுக்க 1994 ஆகிவிட்டது.